பிரிக்காமல் வைத்த படம்

கண்ணு, இது யார் கையெழுத்து என்று நீ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். உன் அம்மாவுடையது இல்லை. அவள் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். இது பந்தலுக்குக் கால் நட்ட மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது அல்லவா, இது என்னுடையது. உன் அப்பன்தான் எழுதுகிறேன். நீ ஸ்டுடியோவுக்குக் கிளம்பிப் போனதும் முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். தினம் ஒரு பக்கம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். "மூட்ட தூக்கறப்ப கூட நீ இப்டி மூச்சு வாங்கனது இல்ல" என்று உன் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அதன் பிறகு ஆத்தூருக்குப் போய்விடுவாய். அங்கே மாப்பிள்ளையோடு புது ஸ்டுடியோ வைக்கப்போகிறாய். போகிறவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதத் தெரிகிறது, முதலில் நான் சொல்ல வேண்டியது புத்திமதி இல்லை. உன்னிடம் இரண்டு விஷயத்தை மறைத்திருக்கிறேன். ஒன்று சின்னது, இருபது வருஷத்துக்கு மேல் மறைத்தது. இன்னொன்று பெரியது, ஒன்றரை வருஷமாக மறைப்பது.

சின்னதை முதலில் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் பள்ளிக்கூடத்துப் படியே ஏறியதில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் புத்தகத்தை எடுத்துவந்து மடியில் ஏறி உட்கார்ந்து, படித்துக் காட்டு என்றாய். நரி படம் போட்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிவிட்டு, நரியைப் பார்த்து ஒரு கதை அடித்தேன். மறுநாளும் கேட்டாய். மறுநாள் நரி வேறு ஊருக்குப் போயிற்று. "நேத்து வேற மாரி படிச்ச" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பினாய். இது நேற்றைக்கு அடுத்த பக்கம் என்றேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல நேரமே வரவில்லை. உன் மார்க்கு அட்டையில் நான் போட்ட கையெழுத்து, உன் அம்மா சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்த படம். கோலம் போடுவது போலத்தான் நான் அதைப் போடுவேன். மீதி எல்லாவற்றுக்கும் கண் தெரியவில்லை என்று சொல்லி அவளிடம் தள்ளிவிடுவேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாகச் சாயங்காலம் பஜனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேனே, அது பஜனை இல்லை. நம் தெருவுக்குப் பின்னால் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "அப்பாவுக்கு பக்தி முத்திடிச்சி" என்று நீ கிண்டல் செய்யும்போது எனக்கு உள்ளே குளுகுளு என்று இருக்கும். இப்போது நம் கருணாபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தால் சுவர் முழுக்க என்னோடு பேசிக்கொண்டே வருகிறது. போன மாதம் கச்சிராயபாளையம் போக நின்றேன். பஸ் வந்தது. யாரையும் கேட்காமல் நானே பலகையைப் படிக்க ஆரம்பித்தேன். நீளமான பெயர். முழுதும் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும் வரைக்கும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

சரி, பெரியதற்கு வருகிறேன்.

நீ மலைக்குப் போய் வயதானவர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்க ஆரம்பித்தபோது ஊரில் எல்லாரும் உன்னைப் பைத்தியம் என்றார்கள். கலர் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்றார்கள். நான் உனக்குத் துணையாக வந்து, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், முகத்தில் வெளிச்சம் விழ. வெள்ளிமலையில் அந்தப் பலா மரத்தில் கறுப்புப் போர்வையைக் கட்டி, அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பாய். உச்சி வெயிலில் எடுக்கவே மாட்டாய். சிரிக்கச் சொல்ல மாட்டாய். இந்த வருஷம் சாமை எப்படி, காட்டுப் பன்றி வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். அவர்கள் பன்றியைத் திட்ட ஆரம்பித்ததும் படம் எடுத்துவிடுவாய். திட்டுகிற முகத்தில்தான் ஆள் முழுசாக இருக்கிறார் என்று சொன்னாய். எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு படங்களைப் பார்த்தபோது புரிந்தது. மஞ்சள் பூசிய கன்னம் வெள்ளி மாதிரி மின்னியது. சிவப்புப் புடவை கரியாகிவிட்டது. கையில் குத்திய பச்சை, நேரில் மங்கிப் போயிருந்தது, படத்தில் நேற்றுக் குத்தியது போலத் தெளிந்திருந்தது.

படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதை நீயும், ஸ்டுடியோவில் உன்னோடு வேலை செய்த ஜெயமேரியும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டீர்கள். தொடக்கத்தில் நீ எல்லாருடைய சுருக்கத்தையும் தேய்த்துவிடுவாய். ஒரு கிழவி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு பொண்ணு? மாப்ள பாக்கறீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு ஜெயமேரிதான் ஒரு வழி சொன்னாள். மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தால் எடுத்துவிடலாம், தழும்பைத் தொடக் கூடாது. "ஈ பறந்து பூடும்க்கா. தழும்பு எங்க பூடும்?" என்றாள். நீ அன்றிலிருந்து அப்படியே செய்தாய். நாள் முழுக்க இரண்டு பேரும் தலையோடு தலை இடித்துக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு இரண்டு மகள்கள் என்று சில நேரம் தோன்றும்.

மலைக்காரர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது, உனக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அது மாலை போடுகிற படம். எடுத்துவைத்துக்கொள்ளலாம், ஆனால் உயிரோடு இருக்கும்போது பிரித்துப் பார்க்கக் கூடாது. அதனால் நீங்கள் காட்டும்போதே திரையில் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள். கண்ணாடி போட்ட படத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி நான்கு பக்கமும் ஒட்டித்தான் கேட்பார்கள். வாங்கினதும் பரணில் போட்டுவிடுவார்கள். உனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எனக்கு உண்டு. ஒட்டின தாளைக் கிழித்தால் ஓர் ஆயுளைக் கிழித்த மாதிரி என்று எனக்கும் பயம்தான்.

கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. ஜெயமேரி ஒவ்வொரு கட்டின் மேலும் பெயரும் ஊரும் எழுதி ஒட்டுவாள். ஒருநாள் நான் அவளிடம், கண் மங்கலாக இருக்கிறதம்மா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் நூல் கட்டிவிடு என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அன்றிலிருந்து கம்பளி நூல் கட்டிக் கொடுப்பாள். சிவப்பு இன்னார் வீடு, நீலம் இன்னார் வீடு என்று என் கையில் வைத்து மெதுவாகச் சொல்லுவாள், நீ பக்கத்தில் இல்லாதபோது.

அந்த ஐப்பசி மழை நாளில் இரண்டே இரண்டு கட்டு. சிவப்பு சடையனுக்கு, நீலம் வெள்ளையனுக்கு. இரண்டு பேரும் வயதில் மூத்தவர்கள், அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், சின்ன வயதில் ஒன்றாக ஏர் ஓட்டினவர்கள். மலை ஏறும்போது பஸ் கூரை ஒழுகி என் மடி நனைந்துவிட்டது. படம் நனையக் கூடாதே என்று ஈரம் ஊறிய நூலை அவிழ்த்து, இரண்டு கட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினேன். ஈரம் காய்ந்த பிறகு நூலைக் கட்டலாம் என்று எடுத்தால், எது எதன் மேல் இருந்தது என்று தெரியவில்லை. பெயர்ச் சீட்டு இரண்டும் அழியாமல் அப்படியே ஒட்டியிருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு டீச்சரம்மா. கண்டக்டர் இரண்டடி தூரத்தில். ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் எல்லாரும் என்னை ஸ்டுடியோக்காரர் என்று கூப்பிடுகிறவர்கள். வாய் வரவில்லை. பிரித்து முகத்தைப் பார்க்கவும் கை வரவில்லை. கடைசியில் வலது கையில் இருந்தது சடையன் என்று நானே முடிவுசெய்தேன். இரண்டு வீட்டிலும் படிக்கத் தெரிந்த ஆள் அன்று இல்லை. வாங்கி அப்படியே பரணில் போட்டார்கள்.

சடையன் தை மாதம் இறந்தார். பெங்களூர்ப் பக்கம் கூலி வேலையில் இருந்த மகன் முருகேசன் வந்து பரணிலிருந்து இறக்கிப் பிரித்தான். பிறகு உனக்குப் போன் வந்தது. நாம் ஜீப்பில் போய் இறங்கியபோது, பிணத்துக்குத் தலைமாட்டில் நாற்காலியில் வெள்ளையன் மாலையோடு உட்கார்ந்திருந்தார், படத்தில். முருகேசன் அந்தப் படத்தின் பக்கம் கையை நீட்டினான். "எங்கப்பன் செத்ததுக்கு உசுரோட இருக்கற ஆளுக்கு மாலை போட வெச்சிட்டீங்களே. ஒரு படம், ஒரே ஒரு படம், அதக்கூட ஒழுங்கா குடுக்க முடியலியா?" என்றான். நீ கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாய். நான் உனக்குப் பின்னால் நின்றேன். அப்போது சடையனின் மனைவி அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "வுடுடா. உங்கப்பன வுட இந்தாளு லட்சணமாத்தான் கீறாரு. கடசி நாள்லயாவது நல்ல மூஞ்சியா இருந்துட்டுப் போவட்டும்." ஒப்பாரி வைத்த பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் திரும்ப அழ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். அதற்குள் வெள்ளையன் வீட்டிலிருந்து சடையன் படம் வர வேண்டும். அதற்காக உயிரோடு இருக்கிறவர் தன் வீட்டுக் கட்டைப் பிரிக்க வேண்டும். அவர் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நீ விஷயத்தைச் சொன்னதும் அவருடைய மருமகள் வேண்டாம் மாமா என்று கத்தினாள். அவர் கையில் ஒட்டின சாமையை உதறிவிட்டுச் சொன்னார்: "எம் படத்துக்குத்தான் மாலை போட்டாச்சே. எமன் பாத்திருப்பான். இந்தாளு வேல முடிஞ்சிதுன்னு போய்க்கினே இருப்பான். இன்னும் பத்து வருசம் எனக்கு பயமே இல்ல போ." அவரே பரணில் ஏறி, அவரே கிழித்தார். உள்ளே சடையன் பன்றியைத் திட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையன் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "டேய், சொல்லாம பூட்டியே" என்றார். நீ உடனே காமிராவை எடுத்தாய். உனக்கு அந்த முகம் கிடைத்தது. நீ எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீ அதை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் செய்த காரியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். கிழித்த பழுப்புத் தாள் என் காலடியில் கிடந்தது. அதன் மேல் பெயர்ச் சீட்டு இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குப் படிக்கத் தெரியாமலே தெரிந்தது. நீ திரும்புவதற்குள் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். சாவு வீட்டில் கிழித்த இன்னொரு தாள் பறைக்குச் சூடு காட்ட மூட்டின நெருப்பில் போய்விட்டது. ஆக, ஜெயமேரி பக்கம் பேச இந்த உலகத்தில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. அது என் வேட்டிக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவில் நீ அவளைக் கேட்டாய். கேட்டாய் என்று சொல்லக் கூடாது. முடிவுசெய்துகொண்டு போயிருந்தாய். ஒரு சாவு வீட்டில் எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றாய். "நான் சரியாத்தான் ஒட்னேன்க்கா" என்றாள் அவள். "அப்ப படம் தானா எறங்கி வூடு மாறி பூட்ச்சா?" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டூலில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மடக்குக் குடித்தேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த டீயின் ருசி இன்னும் என் வாயில் இருக்கிறது.

அடுத்த மாதம் நான் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். யாரும் சொல்லிச் சேரவில்லை. அந்தத் தாளைப் படிக்க வேண்டும் என்றே சேர்ந்தேன். இல்லாவிட்டால் ஒருவேளை அவள்தான் மாற்றி எழுதியிருப்பாளோ, நான் சரியாகத்தான் கொடுத்தேனோ என்று மனசு எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டே இருந்தது. ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தாளைப் பிரித்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். சடையன். கீழே அவர் ஊர்ப் பெயர். எழுத்து தெரிந்த சந்தோஷத்தில் ஒரு நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது, கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நொடி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயும் படித்துப் பார்.

எழுத உட்கார்ந்து இன்று ஒன்பதாம் நாள். இடையில் இரண்டு நாள் எழுதவில்லை, கை ஓடவில்லை. அதற்குக் காரணம் உன் பத்திரிகைப் பட்டியல். யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று நீ நோட்டில் எழுதி அலமாரி மேல் வைத்திருந்தாய். நான் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை விரல் வைத்துப் படித்தேன். மலையில் உள்ளவர்கள்கூட இருந்தார்கள், வெள்ளையன் பெயர் இருந்தது. ஜெயமேரி இல்லை. திரும்பவும் முதலிலிருந்து படித்தேன், நான் புதிதாகப் படிக்கிறவன், விட்டிருப்பேனோ என்று. இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட பிறகு அவளைப் போய்ப் பார்த்தேன். இப்போது கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். அவள் குடையை மடக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "தெரியுங்கப்பா. அன்னிக்கே தெரியும்" என்றாள். பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன். "பொண்ணுக்கு முன்னாடி, உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நான் எப்டிங்க சொல்றது?" என்றாள். கல்யாணத்துக்கு வந்துவிடம்மா என்று மட்டும் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், வர மாட்டேன் என்று. "நீங்க கூப்ட்டதுக்கு சந்தோசம். ஆனா அக்கா இன்னா நடந்துதுன்னு ஒரு வார்த்த கேக்கலியே. அவங்க கேக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

உன்மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கிழவர் முகத்தில் ஒரு கோட்டை அழிப்பதற்கு முன்னால் நீ அரை நாள் யோசிப்பாய். அவளை அழிக்க உனக்கு ஒரு டீ நேரம்தான் ஆயிற்று. புது வீட்டுக்குப் போகிறாய், அங்கேயும் யாராவது எதையாவது மாற்றிக் கொடுப்பார்கள், உடைப்பார்கள், மறைப்பார்கள். படத்துக்குக் கொடுக்கிற நேரத்தை மனுஷர்களுக்கும் கொடு. ஆனால் இதில் உன் பங்கு கால் பங்கு. முக்கால் பங்கு என்னுடையது. அந்த ஸ்டூலிலிருந்து நான் எழுந்து நின்றிருந்தால் போதும். மூன்று குவிண்டால் வண்டியை ஒரு கையால் தள்ளினவன், அன்று எழுந்து நிற்கப் பலமில்லாமல் போனேன். நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி, நான் சோறு போடும்போது தட்டை மட்டும் நகர்த்தாதே.

இன்று பதினோராம் நாள். இனி எழுதவும் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை உன் மேஜை மேல் வைக்கிறேன். படித்து முடித்ததும் அழுதுகொண்டு என்னிடம் வராதே, நேராக ஜெயமேரி வீட்டுக்குப் போ. சர்ச்சுக்குப் பின்பக்கத் தெரு, தண்ணீர்க் குழாய்க்கு அடுத்த ஓட்டு வீடு. கடை ஆறு மணிக்கு மூடுகிறார்கள், ஆறரைக்கு அவள் வீட்டில் இருப்பாள். நான் கூட வர மாட்டேன். நான் வந்தால் அவள் திரும்பவும் எனக்காக வாயை மூடிக்கொள்வாள். நீ போய்க் கேள், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேள். நேரம் ஆனால் ஆகட்டும், ஸ்டுடியோவை நான் பார்த்துக்கொள்கிறேன். யாராவது படத்துக்கு வந்தால் உட்கார வைத்து, பெயரையும் ஊரையும் நானே எழுதி வைக்கிறேன்.